மழைக்குத் துளிர்த்த சோளம் ஆட்டைக் கொல்வது ஏன்? கரிசல் காட்டில் ஒரு நொதியின் கதை

சித்திரையில் ஒரு மழை. கதிர் அறுத்துவிட்டுப் போன சோளக் காடு ஒரே வாரத்தில் பச்சை கட்டுகிறது. அறுத்த தாளின் அடிக்கட்டையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் துளிர். அதுவரை காய்ந்த புல்லைக் கறித்துக்கொண்டிருந்த ஆடுகளுக்கு அது விருந்து. மந்தை உள்ளே இறங்குகிறது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஒரு ஆடு வாயில் நுரை தள்ளித் தள்ளாடுகிறது. மூச்சு வாங்குகிறது. விழுகிறது. அடுத்து இன்னொன்று. பக்கத்திலேயே அதே துளிரை மேய்ந்த வேறொரு ஆடு, எதுவுமே நடக்காதது மாதிரி அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் என்று விரியும் கரிசல் மானாவாரி பூமிக்கு இது புதுசு இல்லை. ஆடு மாடு வளர்க்கிற வீடுகளில் 'பச்சைச் சோளத்துல விடாதே' என்கிற எச்சரிக்கை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. வேம்பூர் ஆடும் கொடி ஆடும் இந்த மண்ணுக்கே உரியவை. எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் நல்ல விலைக்குப் போகவேண்டிய நாலு உருப்படி ஒரே மதியத்தில் செத்து விழுந்தால், அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷமே போன மாதிரிதான்.

'சோளத்துல விஷம் இருக்கு' என்பார்கள். பாதி சரி. கிழியாத, நசுங்காத ஒரு சோள இலைக்குள் போய்ப் பார்த்தால் விஷம் என்று சொல்லும்படி அநேகமாக எதுவும் கிடையாது. அந்த விஷத்தைத் தயாரிப்பதே ஆடு மெல்லும் செயல்தான். தயாரித்துக் கொடுப்பது ஒரு நொதி. அந்த விஷம் ஆட்டைக் கொல்வதும் இன்னொரு நொதியை முடக்கித்தான். காப்பாற்ற முயல்வது மூன்றாவது நொதி. ஆக, ஒரு சாண் துளிருக்குள் முழு உயிர்வேதியியல் பாடமே இருக்கிறது.

நொதி என்றால் என்ன?

பள்ளிப் புத்தகத்தில் 'உயிரி வினையூக்கி' என்று படித்திருப்போம். என்சைம் என்றாலும் அதுதான். அநேகமாக எல்லாமே புரதங்கள். ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் வேலையை வேகப்படுத்தும், ஆனா வேலை முடிந்ததும் தான் மாறாமல் வெளியே வந்து அடுத்த வேலைக்குத் தயாராகிவிடும். அதனால் ஒரே நொதி மூலக்கூறு அதே வேலையை லட்சக்கணக்கான முறை செய்யும். நம் ரத்தச் சிவப்பணுவில் கரியமில வாயுவைக் கரைத்துக் கொடுக்கிற கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, விநாடிக்குச் சுமார் 10 லட்சம் மூலக்கூறுகளைக் கையாளும்.

'வேகப்படுத்தும்' என்ற சொல் கொஞ்சம் அடக்கமான சொல். நம் செல்களில் டி.என்.ஏ.வுக்கான கட்டுமானப் பொருளைத் தயாரிக்கும் வரிசையில் ஒரு வேதிமாற்றம் இருக்கிறது. நொதி இல்லாமல் தானாக நடக்கவிட்டால், இருப்பதில் பாதி மாறவே சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று 1995-ல் கணக்கிட்டார்கள். நொதி இருந்தால் அது விநாடியைவிடக் குறைந்த நேரத்து வேலை. அதாவது நொதிகள் இல்லை என்றால் உயிர் மெதுவாக நடக்கும் என்பதல்ல, நடக்கவே நடக்காது.

இரண்டு அறை, நடுவே ஒரு சுவர்

சோளம் தன் இலையில் சேர்த்து வைத்திருக்கும் பொருளின் பெயர் துரின். எகிப்தில் சோளத்துக்கு அரபு மொழியில் 'துரா' என்று பெயர். அங்கே இளம் சோளப் பயிரை மேய்ந்த கால்நடைகள் இறந்துபோவதை ஆராய்ந்த டன்ஸ்டன், ஹென்றி என்ற இரு ஆங்கிலேய வேதியியலாளர்கள், 1902-ல் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்து அந்தப் பெயரிலிருந்தே துரின் என்று அழைத்தார்கள்.

துரினில் ஒரு பக்கம் சர்க்கரை, அதாவது குளுக்கோஸ். இன்னொரு பக்கத்தில் சயனைடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. கட்டு அவிழாதவரை அது சாது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதிக்கு துரினேஸ் என்று பெயர். இரண்டும் ஒரே இலையில்தான் இருக்கின்றன. அப்படியானால் சோளம் ஏன் தன் விஷத்தாலேயே சாகவில்லை?

பதில், இருப்பிடம். இலையின் மேல்தோல் செல்களுக்குள் இருக்கும் நுண்குமிழிகளில் துரின் சேமிக்கப்படுகிறது. துரினேஸ் நொதி, இலையின் உள்பகுதிச் செல்களில், பசுங்கணிகங்களுக்குள் இருக்கிறது. 1979-ல் இலையின் திசுக்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து இதை உறுதிசெய்தார்கள். தீக்குச்சியும் பெட்டியும் வேறு வேறு அறையில். தீப்பெட்டி ஊரான கோவில்பட்டிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆடு கடித்து மெல்லும்போது செல்கள் நசுங்குகின்றன, சுவர் உடைகிறது, துரினும் துரினேஸும் சந்திக்கின்றன. குளுக்கோஸ் கழன்றுகொள்கிறது. மிச்சம் இருக்கும் துண்டு நிலையில்லாதது. இன்னொரு நொதியின் உதவியாலோ தானாகவோ அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது.

இந்த 'இரண்டு அறை' உத்தி சோளத்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை. முழு வெங்காயத்தைக் கையில் வைத்திருந்தால் யாருக்கும் கண் எரியாது. நறுக்கினால்தான் எரியும். அங்கேயும் நொதி ஓர் அறையில், கந்தகச் சேர்மம் இன்னோர் அறையில். கத்தி சுவரை உடைக்கிறது. கடுகின் காரமும் அப்படித்தான். கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே சிக்கு வாடையும் கசப்பும் தட்டுவதும் இதே கதைதான். முழுத் தானியமாக இருக்கும்வரை கொழுப்பும், அதை உடைக்கும் லைப்பேஸ் நொதியும் ஒதுங்கி இருக்கும். அரைத்த கணத்தில் இரண்டும் கலந்துவிடும். அன்றன்றைக்குத் தேவையான கம்பை மட்டும் இடித்துக்கொண்ட பாட்டிமார்களுக்கு லைப்பேஸ் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

பூட்டும் சாவியும், ஒரு பாதாம் பருப்பும்

நொதியைப் பற்றிப் பேசினால் 'பூட்டும் சாவியும்' உவமை வந்தே தீரும். 1894-ல் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்னது. நொதியின் உடலில் ஒரு பள்ளம் உண்டு. அதுதான் செயல்மையம். அந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் பொருளை மட்டுமே அது மாற்றும்.

ஃபிஷர் இதை எந்த நொதியை வைத்துச் சொன்னார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பயன்படுத்திய இரண்டு நொதிகளில் ஒன்று ஈஸ்ட்டிலிருந்து எடுத்தது. மற்றொன்று பாதாமிலிருந்து எடுத்த எமல்சின். கசப்புப் பாதாமில் உள்ள அமிக்டலின் என்ற பொருளை எமல்சின் உடைத்தால் சர்க்கரையும் சயனைடும் வரும் என்று 1837-லேயே வோலரும் லீபிக்கும் கண்டுபிடித்திருந்தார்கள். எமல்சின், சோளத்தின் துரினேஸுக்கு நெருங்கிய உறவு. இரண்டுமே சர்க்கரைக் கட்டை அவிழ்க்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் வகை. உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கும் உவமையின் வேர், சோளத் துளிரில் நடக்கும் அதே வேதிவினையில்தான் இருக்கிறது.

பிற்பாடு 1958-ல் கோஷ்லாண்ட் என்ற அமெரிக்கர் உவமையைத் திருத்தினார். பூட்டு இரும்பு போல விறைப்பானது இல்லை, பொருள் வந்து அமரும்போது நொதி தன்னைக் கொஞ்சம் வளைத்து இறுக்கிக்கொள்கிறது என்றார். சாவியைவிடக் கையுறை நல்ல உவமை.

இந்தப் பொருத்தம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு உதாரணமும் கரிசல் காட்டிலேயே இருக்கிறது. சோளம் விதைத்த நிலங்களில் இப்போது பெரும்பகுதி மக்காச்சோளத்துக்குப் போய்விட்டது. மக்காச்சோளத்துக்கும் துரினேஸைப் போன்ற ஒரு நொதி உண்டு. இரண்டின் கட்டமைப்பும் சுமார் 70 சதவீதம் ஒன்றேதான். ஆனா மக்காச்சோள நொதியிடம் துரினைக் கொடுத்தால், பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், உடையாது. உட்கார்ந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் உரிய பொருளையும் வரவிடாமல் தடுக்கும். முன்பதிவு செய்த சீட்டில் வேறு யாரோ துண்டைப் போட்ட மாதிரி. நாம் விழுங்கும் மருந்துகளில் பல இப்படித்தான் வேலை செய்கின்றன: நொதியின் சீட்டில் துண்டு போடுவது.

டோல்கேட் கணக்கு

இனி, ஒரே துளிரை மேய்ந்த இரண்டு ஆடுகளில் ஒன்று செத்து ஒன்று பிழைப்பது ஏன் என்ற கேள்வி.

ஆட்டின் கல்லீரலில் ரோடனேஸ் என்ற நொதி இருக்கிறது. சயனைடு வந்தால் அதனுடன் கந்தகத்தைச் சேர்த்து தயோசயனேட்டாக மாற்றிவிடும். அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு, சிறுநீரில் போய்விடும். ஆக, ஆட்டுக்குள் சயனைடு நுழைந்தாலே சாவு என்பதில்லை. எவ்வளவு வேகத்தில் நுழைகிறது என்பதுதான் கேள்வி.

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் கயத்தாறு பக்கம் சாலைப்புதூர் டோல்கேட் இருக்கிறது. சாதாரண நாளில் வண்டி வந்த வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி? சாவடிகளின் எண்ணிக்கை அதேதான், ஒரு வண்டிக்கு ஆகும் நேரமும் அதேதான். அதனால் வரிசை நீள்கிறது. நொதியும் அப்படித்தான். பொருள் கூடக் கூட வேலை வேகமும் கூடும், ஒரு கட்டத்தில் எல்லாச் சாவடியும் நிரம்பிவிடும், அதற்கு மேல் வேகம் கூடாது. இந்த வளைகோட்டை 1913-ல் கணிதமாக எழுதியவர்கள் லியோனார் மிக்கேலிஸும் மாட் மென்ட்டனும்.

ரோடனேஸுக்கு இன்னொரு சிக்கல். சாவடியில் ஆள் இருக்கிறார், ரசீது பேப்பர் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடனேஸின் ரசீது பேப்பர் கந்தகம். உடலில் தயாராக இருக்கும் கந்தகச் சேர்மம் குறைவு. அது தீர்ந்தால் நொதி சும்மா நிற்கும்.

அதனால் ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்தால் பிழைக்கிற ஆடு, அதே அளவை இருபது நிமிடத்தில் விழுங்கினால் செத்துப்போகலாம். பசியோடு இருக்கும் ஆடுதான் முதலில் விழும். காலையில் காய்ந்த தீவனம் கொஞ்சம் போட்ட பிறகே பச்சைக்கு விடவேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதன் கணக்கு இது.

அளவைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் சயனைடு வேகமாக உள்ளே போனால் ஆடு மாடுகளுக்கு உயிராபத்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 25 கிலோ ஆட்டுக்கு 50 மில்லிகிராம். ஒரு கிலோ பச்சை இலையில் 200 மில்லிகிராம் சயனைடு வெளியாகும் அளவைத் தாண்டினாலே ஆபத்து என்பார்கள். அந்த அளவில் கால் கிலோ இலை போதும். 500 மில்லிகிராம் உள்ள துளிர் என்றால் 100 கிராம். அது ஒரு ஆட்டுக்குச் சில வாய்.

ஆடு சாகிறது, பன்றி தப்பிக்கிறது

நொதி வேலை செய்ய இடம், பொருள் மட்டும் போதாது. சுற்றுச்சூழலும் ஒத்துவர வேண்டும். வெப்பமும் அமிலத்தன்மையும் இதில் முக்கியம்.

ஆடு மாட்டின் முதல் வயிறு, அதாவது அசையூண் இரைப்பை, சுமார் 39 டிகிரி வெப்பத்தில் இருக்கும். அமிலமும் அதிகமில்லை, பி.எச். கணக்கில் 6, 7 அருகே. நிறைய தண்ணீர். நசுக்கிய இலை மணிக்கணக்கில் ஊறும். போதாக்குறைக்கு அங்கே வாழும் நுண்ணுயிர்களிடமும் துரினை உடைக்கும் நொதிகள் உண்டு. துரினேஸுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஒற்றை வயிறு கொண்ட குதிரைக்கும் பன்றிக்கும் கதை வேறு. அவற்றின் இரைப்பையில் கடும் அமிலம். அதில் தாவர நொதியின் உருவமே குலைந்துவிடும். பூட்டின் பள்ளமே கலைந்த பிறகு சாவி எதற்கு? அதனால்தான் இந்த நச்சு அசைபோடும் விலங்குகளைத்தான் அதிகம் தாக்குகிறது.

வெப்பம் இன்னும் பழக்கமான விஷயம். மே மாதக் கோவில்பட்டியில் ராத்திரி கரைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழியும். மார்கழியில் அதே மாவு மந்தமாகக் கிடக்கும். நுண்ணுயிரின் நொதிகளுக்கு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதற்காகக் கொதிக்கவைத்தால் வேகம் பல மடங்கு ஆகாது. நொதியின் மடிப்பு அவிழ்ந்து செத்துவிடும். கடலைமிட்டாய்க்குக் கடலையை வறுக்கும்போது சுவை ஏறுகிறது என்று மட்டும் நினைக்கிறோம். பச்சைக் கடலையின் எண்ணெயைக் கெடுக்கும் நொதிகளும் அந்தச் சூட்டில் முடிந்துபோகின்றன.

ஆனா நொதியைக் கொன்றால் எப்போதும் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். மரவள்ளிக் கிழங்கிலும் இதே மாதிரி சயனைடு கட்டி வைத்த பொருள் உண்டு. கிழங்கை வேகவைத்தால் நொதி செத்துவிடும், கட்டு அவிழாத பொருள் அப்படியே தங்கிவிடும், கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். அதனால்தான் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடும் வழக்கம்.

வறட்சி ஏன் விஷத்தை ஏற்றுகிறது?

சோளம் வறட்சியைத் தாங்கும் பயிர் என்பதாலேயே கரிசலில் நிலைத்தது. கோவில்பட்டியில் இருக்கும், நூறு ஆண்டுகளைத் தாண்டிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கே 8, கே 11, கே 12 என்று மானாவாரிக்கான சோள ரகங்களைக் கொடுத்திருக்கிறது. தானியம் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு. இருங்குச் சோளம் விதைப்பவர்கள் இன்றும் உண்டு.

வறட்சி வந்தால் பயிர் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். வேர் உறிஞ்சிய தழைச்சத்தைப் புது இலையாக்க முடியாமல் துரினாகச் சேர்த்து வைக்கும். வளராத சின்னப் பயிரில் அதே துரின் என்றால் அடர்த்தி இயல்பாகவே அதிகம். யூரியா கூடுதலாகப் போட்ட காடு என்றால் இன்னும் ஏறும். முளைத்து வரும் நாற்றின் குருத்து நுனியில் உலர் எடையில் 30 சதவீதம் வரை துரினே இருக்கலாம் என்று அளந்திருக்கிறார்கள். வளர வளரக் குறையும். அறுத்த கட்டையில் புதிதாக வரும் துளிர் மறுபடி குழந்தைப் பயிர்தான், அதனால் அதுவும் ஆபத்து. வறட்சியில் நின்றுபோய், மழைக்குத் திடீரென்று துளிர்த்த பயிர் என்றால் எல்லாக் காரணமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. சித்திரை மழைக்குப் பின் மந்தை விழுவது இதனால்தான்.

பூத்த பிறகு அறுத்துக் கொடுப்பது பாதுகாப்பு என்று சொல்வதும் இதே காரணத்தால். நன்றாகக் காயவைத்த நாத்தில் ஆபத்து பெருமளவு குறையும். காயும்போது செல்கள் உடைந்து, நொதி வேலையைச் செய்து, சயனைடு வாயுவாகப் போய்விடும். அதன் கொதிநிலை சுமார் 26 டிகிரிதான், கோவில்பட்டி வெயிலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் பாதி வாடிய பயிர் அப்படியில்லை. வாடத் தொடங்கிய வேளையில் சுவர் உடைந்திருக்கும், வாயு இன்னும் போயிருக்காது. முழுக்கக் காய்ந்து படப்பில் ஏறிய நாத்து வேறு, வரப்போரம் வாடிக் கிடக்கும் கட்டு வேறு.

சோளத் தோசை பிரியர்கள் பதற வேண்டாம். முற்றிய தானியத்தில் துரின் அநேகமாக இல்லை. கவனம் தேவைப்படுவது வேறொரு இடத்தில்: சிறுதானியங்களை முளைகட்டிச் சாப்பிடும் இப்போதைய பழக்கத்தில். 1984-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 100 கிராம் சோள விதையிலிருந்து வளர்ந்த முளைகளில் சராசரியாக 60 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு கிடைத்தது. ஒரு மனிதருக்கு உயிராபத்தான அளவுக்கு அது மிக அருகில். பாசிப்பயறைப் போலச் சோளத்தை நாள்கணக்கில் முளைவிட்டுப் பச்சையாகச் சாப்பிடும் ரீல்ஸைப் பார்த்தால் கடந்து போய்விடலாம்.

செல்லுக்குள் கடைசிக் கதவு

சயனைடு ரத்தத்துக்கு வந்துவிட்டால் நேராகப் போய் உட்காரும் இடம், செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி கடைசியாகச் செலவாவது அங்கேதான். அந்த நொதியின் செயல்மையத்தில் ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து அமரவேண்டிய இடத்தில் சயனைடு அமர்ந்துகொள்கிறது.

விளைவு விசித்திரமானது. நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. ஆனால் செல்லால் அதை வாங்க முடியவில்லை. வாங்காத ஆக்சிஜன் ரத்தத்திலேயே திரும்பிப் போவதால், சிரை ரத்தம்கூடப் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். வாசலில் தண்ணீர் லாரி நிற்கிறது, வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டது. தாகத்தில் சாவு.

சிகிச்சையும் நொதிக் கணக்கில்தான் நடக்கிறது. மருத்துவர் ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்துகள் இரண்டு. சோடியம் நைட்ரைட், ரத்த ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை வேறு வடிவத்துக்கு மாற்றும். அந்த வடிவத்தில் உள்ள இரும்பு சயனைடைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் விடுபடும். அடுத்தது சோடியம் தயோசல்பேட். அது ரோடனேஸுக்கான கந்தகம், தீர்ந்துபோன ரசீது பேப்பர். சரியான நேரத்தில் கொடுத்தால், விழுந்து கிடந்த விலங்கு எழுந்து நிற்கும். பிரச்சினை நேரம்தான். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது. முதல் ஆடு தள்ளாடியதுமே அதை அழைத்துவிட்டு, மந்தையைக் காட்டிலிருந்து வெளியே பத்துவது முதல் வேலை. மேய்ந்தது சோளத் துளிர் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுவது அதற்கு இணையான வேலை.

துரினே இல்லாத சோளம் உருவாக்க முடியாதா? முடியும், செய்தும்விட்டார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் குழு 2012-ல் அறிவித்த சோளச் செடியில், துரின் தயாரிக்கும் முதல் நொதியின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தில் நொதி செயலிழந்தது, சயனைடு நின்றுபோனது. ஆனால் அந்தச் செடிகள் நாற்றுப் பருவத்தில் மெதுவாக வளர்ந்தன. துரின் பூச்சிகளை விரட்டும் ஆயுதமும், தழைச்சத்தின் சேமிப்பும் என்பதால் அதை முழுக்க விட்டுக்கொடுப்பதில் செடிக்கு நஷ்டம் இருக்கிறது. குருத்து ஈயோடு மல்லுக்கட்டும் கரிசல் விவசாயிக்கு அந்த நஷ்டம் சின்னதாக இருக்காது.

மக்காச்சோளத்துக்கு மாறியவர்களுக்குச் சயனைடு கவலை இல்லை. ஆனா வறட்சியில் நின்ற மக்காச்சோளத் தட்டையின் அடித்தண்டில் நைட்ரேட் சேரும். சோளத்திலும் அது சேரக்கூடும். காயவைத்தாலும் போகாது. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களின் நொதிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் ஹீமோகுளோபினின் வடிவத்தை மாற்றி, ஆக்சிஜன் சுமக்க முடியாமல் செய்யும். மேலே மருந்தாகச் சொன்ன அதே நைட்ரைட், அதே மாற்றம். இங்கே அது நோய். இந்த மாட்டுக்குச் சோடியம் நைட்ரைட் ஊசி போட்டால் சாவு சீக்கிரம் வரும். இதற்கான மருந்து மெத்திலீன் நீலம்.

இரண்டு மாடுகளும் ஒரே மாதிரிதான் தள்ளாடும், ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கும். காட்டில் வந்து இறங்கும் கால்நடை மருத்துவர் அதனால்தான் முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார். பளிச்சென்ற சிவப்பு என்றால் ஒரு மருந்து. சாக்லேட் பழுப்பு என்றால் இன்னொன்று.